அடித்து வளர்த்த நாய் கடிக்கும்!

ஆம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

கணவன், மனைவி இருவருக்கும் ஷூ கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் வரும். இருவரும் ஏறிப் போய்விடுவார்கள். திரும்பி வர மாலை ஆகிவிடும். பையன் பள்ளிக்கூடம் போய்விடுவான்.

வீட்டில் ஒரு நாய்க்குட்டி. பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பையன் கெஞ்சிக் கேட்டான் என்று கொண்டு வந்தது.

ஒரு நாள் மாலை. கதவைத் திறந்தால், புதுச் செருப்பு குதறிக் கிடக்கிறது. வார் ஒரு பக்கம். அடித்தோல் ஒரு பக்கம்.

அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. துடைப்பத்தை எடுத்தார். குட்டியைப் பிடித்து, அதன் முகத்தைச் செருப்பில் தேய்த்தார். நாலு அடி வைத்தார். குட்டி கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

"இனிமேல் செருப்பைத் தொடாது" என்றார் அப்பா.

மறுநாள் இன்னொரு செருப்பு போயிற்று.

ஆனால், ஒரு மாற்றம் மட்டும் ஏற்பட்டது. தினமும் அப்பாவைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் குட்டி, அன்று ஓடிவரவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

அடி என்ன கற்றுக் கொடுத்தது? "செருப்பைக் கடிக்காதே" என்றா? இல்லை. "அப்பா வந்தால் ஒளிந்துகொள்" என்றுதான் கற்றுக் கொடுத்தது!

இந்தக் கதை ஆம்பூரில் மட்டும் நடப்பது அல்ல. வேலூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எந்த ஊரிலும் நடக்கும். நாய் வளர்க்கும் பலர் செய்யும் முதல் தவறு இதுதான்.

தோல் வாசனை

குட்டி ஏன் செருப்பைக் கடித்தது?

அதற்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் காலம் வந்து கொண்டிருக்கிறது. நாலாவது மாதத்தில் இருந்து ஆறாவது மாதம் வரை ஈறு குறுகுறுக்கும். எதையாவது கடித்தால்தான் சுகம். மனிதக் குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது அல்லவா? அது போலத்தான்.

செருப்பு தோலால் ஆனது. தோல் என்பது ஒரு காலத்தில் மாட்டின் மீதோ, ஆட்டின் மீதோ இருந்தது. நாயின் மூக்குக்கு அது நன்றாகத் தெரியும். போதாததற்கு, செருப்பில் எஜமானின் கால் வாசனையும் இருக்கிறது. வீட்டில் தனியாகக் கிடக்கும் குட்டிக்கு அந்த வாசனைதான் துணை.

ஆக, குட்டி குற்றம் செய்யவில்லை. செருப்பைக் கீழே விட்டுப் போனவர்தான் தவறு செய்தார்.

"அடியாத மாடு படியாது" என்பது சரியா?

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி இருக்கிறது. நாயை அடிப்பவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்.

மாடு வளர்ப்பவரிடமே கேட்டுப் பாருங்கள். வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பொங்கலை ஒட்டி எருது விடும் விழா நடக்கும். அந்தக் காளையை வளர்ப்பவர் அதை எப்படி வளர்க்கிறார்? பருத்திக் கொட்டையும் புண்ணாக்கும் வைக்கிறார். குளிப்பாட்டுகிறார். தட்டிக் கொடுக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஊரையே முட்ட வரும் காளை, அவர் குரலைக் கேட்டால் நின்றுவிடும்.

அந்தக் காளை படிந்தது அடியாலா? அன்பாலா?

அடித்தால் விலங்கு அந்த நேரத்துக்கு அடங்கும். அது உண்மைதான். அதனால்தான் அடிப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். அடங்குவது வேறு. கற்றுக் கொள்வது வேறு. கம்பு கண்ணுக்குத் தெரியும் வரை அடக்கம் இருக்கும். கம்பு மறைந்தால் பழைய குணம் வந்துவிடும்.

குற்ற உணர்ச்சி உண்டா?

"தப்புச் செய்தால் அதற்கே தெரிகிறது. தலையைத் தொங்கப் போட்டுக் கொள்கிறது. காதை மடித்துக் கொள்கிறது" என்று சிலர் சொல்வார்கள்.

இது உண்மையா என்று அமெரிக்காவில் ஒரு பெண் விஞ்ஞானி சோதித்துப் பார்த்தார். அவர் பெயர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ். சோதனை முடிவு 2009-ல் வெளிவந்தது.

நாயின் முன் தின்பண்டம் வைக்கப்பட்டது. "தின்னக் கூடாது" என்று சொல்லிவிட்டு எஜமான் வெளியே போனார். சில நாய்கள் தின்றன. சில நாய்கள் தின்ன வழியே இல்லாமல் பண்டம் அகற்றப்பட்டது. எஜமான் திரும்பி வந்தபோது, சிலரிடம் உண்மைக்கு மாறாகச் சொல்லி, நாயைத் திட்டும்படி செய்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? தின்ற நாயும், தின்னாத நாயும், திட்டு வாங்கியபோது ஒரே மாதிரி "குற்றவாளி முகம்" காட்டின. குற்றமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகமாகக் காட்டின!

அந்த முகத்துக்குப் பெயர் குற்ற உணர்ச்சி அல்ல. பயம்.

காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடித்தால், நாய்க்கு ஒன்றும் புரியாது. தான் செய்ததற்கும், கிடைத்த அடிக்கும் உள்ள தொடர்பு அதற்குத் தெரியாது. நாய்க்குப் பாடம் சொல்ல வேண்டுமானால், அந்த நொடியிலேயே சொல்ல வேண்டும். இரண்டு நொடி தாண்டினால் பாடம் மாறிவிடும்.

விஞ்ஞானம் சொல்வது

ரஷ்ய நாட்டு விஞ்ஞானி பாவ்லோவ். 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். நாய்க்கு உணவு கொடுக்கும் முன் ஒரு சத்தம் எழுப்பினார். தினமும் அப்படியே செய்தார். சில நாளில், உணவைக் காணாமலே, சத்தம் கேட்டதும் நாய்க்கு வாயில் நீர் ஊறியது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து நினைக்க நாய்க்குத் தெரியும் என்பதை இது காட்டியது.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. சத்தத்தோடு உணவு சேர்ந்தால் நீர் ஊறும். எஜமான் கையோடு அடி சேர்ந்தால்? கையைக் கண்டாலே நடுங்கும்.

பிறகு அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் வந்தார். ஒரு செயலுக்குப் பிறகு நல்ல பலன் கிடைத்தால், விலங்கு அந்தச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் என்று அவர் காட்டினார். வீட்டு நாய்க்குச் சிறு சத்தமும் தின்பண்டமும் கொண்டு பாடம் சொல்வது எப்படி என்று 1951-ல் ஒரு கட்டுரையே எழுதினார்.

போர்ச்சுகல் நாட்டில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2020-ல் வெளிவந்தது. சில பள்ளிகளில் பரிசு கொடுத்து நாயைப் பழக்கினார்கள். சில பள்ளிகளில் அதட்டியும், கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்தும் பழக்கினார்கள். தண்டனை பெற்ற நாய்களிடம் நடுக்கமும் கலக்கமும் அதிகம் காணப்பட்டன. அவற்றின் எச்சிலைச் சோதித்தபோது, மன வேதனையைக் காட்டும் சுரப்பு நீரும் கூடியிருந்தது.

"இதெல்லாம் வெளிநாட்டு நாய்" என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டுத் தெரு நாய்களை வைத்தே கொல்கத்தாவில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா என்ற பெண் விஞ்ஞானியின் குழு இதைச் செய்தது. முன்பின் தெரியாத ஆள், சில தெரு நாய்களுக்கு உணவு கொடுத்தார். சில நாய்களைத் தடவிக் கொடுத்தார். நாளாக ஆக, உணவு பெற்ற நாயைவிட, தடவிக் கொடுக்கப்பட்ட நாய்தான் அந்த ஆளை அதிகம் நம்பியது. 2017-ல் இது வெளிவந்தது.

குப்பை மேட்டில் பசியோடு திரியும் தெரு நாய்! அதற்கே சோற்றைவிட அன்பு பெரிதாக இருக்கிறது!

எப்படிப் பழக்குவது?

சரி, அடிக்காமல் எப்படிப் பழக்குவது?

வழி மிக எளிது. நல்லது செய்தால் உடனே பரிசு. வேண்டாததைச் செய்தால் பரிசு இல்லை. அவ்வளவுதான்.

பரிசு என்றால் பெரிய செலவு இல்லை. உப்புக் காரம் இல்லாமல் வேகவைத்த கோழிக் கறியோ, ஈரலோ, பட்டாணி அளவு இருந்தால் போதும். இட்லித் துண்டும் போதும். கூடவே "சபாஷ்" என்று ஒரு வார்த்தை. தலையில் ஒரு தடவல்.

முதலில் குட்டியின் வயதைப் பார்க்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடம் இருந்து பிரிக்கக் கூடாது. 2017-ல் வந்த நாய் விற்பனை விதிகளும் அப்படியே சொல்கின்றன. பால் மறக்காத குட்டியைத் தூக்கி வந்தால், அது கடைசி வரை பயந்த நாயாக இருக்கும். தாயும் கூடப் பிறந்த குட்டிகளும்தான், "இவ்வளவு கடித்தால் வலிக்கும்" என்ற முதல் பாடத்தைச் சொல்லித் தருகின்றன.

பிறந்த மூன்றாவது வாரத்தில் இருந்து பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நாய்க்கும் பொருந்தும். அந்தக் காலத்தில் எதையெல்லாம் பயம் இல்லாமல் பார்க்கிறதோ, அதற்கெல்லாம் பிறகு பயப்படாது. கம்பெனிச் சங்கு, லாரிச் சத்தம், பள்ளிவாசல் பாங்கு, கோயில் மேளம், குடை பிடித்த தாத்தா, சைக்கிள் விடும் பையன் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். தடுப்பூசிகள் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். பார்க்கும்போது ஒரு துண்டு தின்பண்டம் கொடுக்க வேண்டும். பயந்தால், பலவந்தமாக அருகில் கொண்டு போகக் கூடாது.

கூப்பிட்டால் வர வேண்டும்: குட்டிக்கு ஒரே பெயர் இருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்ததும் பரிசு. கூப்பிட்டு வந்த நாயை எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது. ஒரு தடவை அடித்தாலும், "கூப்பிட்டால் அடி விழும்" என்று நினைத்துக் கொள்ளும். பிறகு லாரி வரும்போது கூப்பிட்டாலும் வராது. அதன் உயிரே போய்விடும்.

உட்கார வேண்டும்: தின்பண்டத்தை விரலில் பிடித்து, குட்டியின் மூக்குக்கு மேலே, தலைப்பக்கமாக மெல்லக் கொண்டு போக வேண்டும். அண்ணாந்து பார்க்கும்போது பின்பக்கம் தானே தரையில் படும். அந்த நொடியில் "உட்கார்" என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். நாலு நாளில் கற்றுக்கொள்ளும். முதுகை அமுக்க வேண்டியதே இல்லை.

வெளியே போக வேண்டும்: குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும் சிறுநீர் வரும். இந்த மூன்று நேரமும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே இருந்தால் உடனே பரிசு. வீட்டுக்குள் இருந்துவிட்டால், ஒன்றும் சொல்லாமல் கழுவிவிட வேண்டும். மூக்கைத் தேய்த்தால், மனிதர் முன்னால் சிறுநீர் விடக்கூடாது என்றுதான் கற்றுக்கொள்ளும். பிறகு கட்டிலுக்குப் பின்னால் போய் விடும்!

விளையாட்டில் கடித்தால்: பிஞ்சுப் பல் ஊசி போல் இருக்கும். கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட வேண்டும். கையை எடுத்துக்கொண்டு, எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபடி விளையாடலாம். கடித்தால் விளையாட்டு போய்விடும் என்று அதற்குப் புரியும். கையால் அடித்தாலோ, அதையும் விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாகக் கடிக்கும்.

செருப்புக்குப் பதில்: செருப்பை உயரத்தில் வைக்க வேண்டும். குட்டிக்கென்று முடிச்சுப் போட்ட பழைய துணியோ, கெட்டியான ரப்பர் பொம்மையோ கொடுக்க வேண்டும். செருப்பை வாயில் வைத்திருந்தால் பிடுங்கக் கூடாது. தின்பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. அதற்கு மேல் வேண்டாம். குழந்தைக்குப் பாடம் சலிப்பது போலக் குட்டிக்கும் சலிக்கும்.

தோல் ஊரில் கவனம்

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் இன்னொரு கவனமும் வேண்டும்.

"கடிக்கட்டும்" என்று சிலர் டேனரியில் கிடைக்கும் தோல் துண்டுகளைக் குட்டிக்குப் போடுவார்கள். அது தவறு. பதனிட்ட தோலில் குரோமிய உப்பும், சாயமும், வேறு மருந்துகளும் ஏறியிருக்கும். அது நாய் தின்னும் பொருள் அல்ல. துண்டு தொண்டையிலோ குடலிலோ சிக்கிக்கொள்ளவும் கூடும். அதோடு, தோல் துண்டைத் தின்னக் கொடுத்துவிட்டு, தோல் செருப்பைக் கடிக்காதே என்றால் குட்டிக்கு எப்படிப் புரியும்?

டேனரிக் கழிவு நீர் ஓடும் கால்வாயில் நாய் நீர் குடிக்க விடக்கூடாது. பாலாறு கெட்ட கதையை உச்ச நீதிமன்றமே 1996-ல் வேலூர் வழக்கின் தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. மனிதனுக்கு ஆகாத நீர் நாய்க்கும் ஆகாது.

அடுத்தது ஆம்பூர் பிரியாணி! ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிரியாணி என்றால், மிச்சம் நாய்க்குத்தான். ஆனால், வெந்த எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும். குடலைக் குத்தும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். தயிர் வெங்காயம் நமக்கு ருசி. நாய்க்கு விஷம். சாக்லேட்டும், திராட்சையும் அப்படித்தான்.

வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதே இல்லை. உச்சி வேளையில் தார் ரோட்டில் நாயை நடத்தக் கூடாது. புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால், குட்டியின் காலுக்கும் முடியாது. குளிர் நாட்டுச் சடை நாயை இந்த வெயிலில் வளர்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை. நம் தெருவில் பிறந்த குட்டியே போதும். அதுவும் கற்றுக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுக்காரர்

நாய் வளர்ப்பது ஒரு வீட்டுக் காரியம் அல்ல. ஒரு தெருவின் காரியம்.

இந்த ஊர்களில் சந்துகள் குறுகல். வீடுகள் நெருக்கம். இந்துவும், முஸ்லிமும், கிறிஸ்தவரும் சுவரோடு சுவராக வாழ்கிறார்கள். தொழுகைக்குப் போகிறவர் உடையில் நாயின் வாய் பட்டால், அவர் மறுபடி கழுவ வேண்டியிருக்கும். கோலம் போட்ட வாசலில் நாய் அசுத்தம் செய்தால், யாருக்குத்தான் கோபம் வராது?

ஆகவே, நாயை வாரில் பிடித்துத்தான் தெருவில் அழைத்துப் போக வேண்டும். எதிரில் ஆள் வந்தால் உட்காரப் பழக்க வேண்டும். அசுத்தத்தை வளர்ப்பவரே அள்ள வேண்டும். நாய் ஒழுக்கமாக இருந்தால் தெரு அமைதியாக இருக்கும். நாயின் ஒழுக்கம் எஜமானின் ஒழுக்கம்.

கடித்தால்?

அடித்து வளர்த்த நாயால் வரும் பெரிய ஆபத்து இதுதான்.

பயந்த நாய்க்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ஓட வேண்டும். ஓட வழி இல்லாவிட்டால் கடிக்க வேண்டும். சங்கிலியில் கட்டிப் போட்ட நாய்க்கு ஓட வழி இல்லை.

அது யாரைக் கடிக்கும்? அடித்த அப்பாவை அல்ல. அவரிடம்தான் கம்பு இருக்கிறதே! அருகில் வரும் குழந்தையைக் கடிக்கும். கையைத் தூக்கினாலே அடி என்று கற்ற நாய், தடவ வரும் பிஞ்சுக் கையையும் அடி என்றே நினைக்கும்.

உறுமினால் அடிப்பது இன்னும் பெரிய தவறு. உறுமல் என்பது "எனக்குப் பிடிக்கவில்லை, விலகிப் போ" என்ற எச்சரிக்கை. அடித்தால் உறுமலை விட்டுவிடும். பயத்தை விடாது. பிறகு எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும்.

கடியோடு வருவது வெறிநோய் பயம். உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நோய் வெளிப்பட்டுவிட்டால், பெரும்பாலும் பிழைக்க வழி இல்லை.

1902-ல் வெறிநாய் கடித்த ஓர் ஆங்கிலப் பெண் உயிர் இழந்தார். அப்போது தென்னாட்டில் இதற்குச் சிகிச்சை நிலையம் இல்லை. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் ஊசி. சில ஊசிகள்தான். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள்.

நாய் கடித்தால், வீட்டு நாயானாலும் தெரு நாயானாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வளர்க்கும் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. மூன்றாவது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு ஆண்டுதோறும், கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் போட வேண்டும். ஊசி போடாத நாயை எவ்வளவு அன்பாக வளர்த்தாலும், அது பாதி வளர்ப்புத்தான்.

"செல்லம் கொடுத்தால் தலைமேல் ஏறாதா?"

இப்படி ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

பரிசு வேறு. செல்லம் வேறு. கேட்டபோதெல்லாம் கொடுப்பது செல்லம். நல்லது செய்தபோது கொடுப்பது பரிசு. சாப்பிடும்போது மேலே தாவுகிற நாய்க்கு ஒரு வாய் கொடுத்தால், தாவுவதற்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும்! அப்பா கூடாது என்பதை அம்மா கொடுத்தால், பாட்டி ஒளித்துக் கொடுத்தால், எந்த நாயும் கெட்டுவிடும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டம் இருக்க வேண்டும்.

"காவல் நாய்க்குக் கோபம் வேண்டாமா?" என்று இன்னொரு கேள்வி. நாள் முழுவதும் கட்டிப் போட்டு, அடித்து, பட்டினி போட்டால் கோபம் வரும். ஆனால், அந்தக் கோபத்துக்குத் திருடன் யார், விருந்தாளி யார் என்று தெரியாது. தன் வீடு, தன் மக்கள் என்ற பாசம் உள்ள நாய்தான் நல்ல காவல் நாய். வழக்கமாகக் கட்டியே போட்டிருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

"வேலைக்குப் போகிறோம். நேரம் இல்லை" என்பது மூன்றாவது பேச்சு. இது உண்மையான கஷ்டம்தான். கணவனும் மனைவியும் கம்பெனிக்குப் போனால், மூன்று மாதக் குட்டி பத்து மணி நேரம் தனியாக இருக்க முடியாது. தாத்தாவோ, பாட்டியோ, பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளோ இருந்தால் வளர்க்கலாம். யாரும் இல்லை என்றால், இப்போது வேண்டாம். பையன் அழுதால் அழட்டும். இரண்டு நாளில் மறந்துவிடுவான். தவறாக வளர்த்த நாயோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கூட இருக்கும். அல்லது, ஒரு நாள் இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடப்படும். தெரு நாய்த் தொல்லை என்று ஊரே புலம்புகிறது. அதில் வீட்டில் வளர்ந்து விரட்டப்பட்ட நாய்களுக்கும் பங்கு உண்டு.

பதம் தெரிந்த ஊர்

தோல் பதனிடுபவருக்கு ஒரு விஷயம் தெரியும். பச்சைத் தோலை ஒரே நாளில் ஷூ ஆக்க முடியாது. ஊற வைக்க வேண்டும். சுண்ணாம்பில் போட வேண்டும். முடி நீக்க வேண்டும். பிறகு பதம் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அளவு உண்டு. அவசரப்பட்டால் தோல் பாழ்.

தோலை மிருதுவாக்க, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் லண்டன் நகரத்தில் நாயின் மலத்தைப் பயன்படுத்தினார்கள்! தெருவில் அதைப் பொறுக்கி, வாளியில் சேர்த்து, டேனரிக்கு விற்றே பிழைத்தவர்கள் உண்டு. ஜெர்மன் வேதியியல் அறிஞர் ஓட்டோ ரோம் என்பவர், அதற்குப் பதிலாக ஒரு செரிமானச் சுரப்பைப் பயன்படுத்தும் வழியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். பிறகுதான் அந்த அசிங்கம் ஒழிந்தது. "எங்கள் தாத்தா காலத்தில் இருந்து இப்படித்தான்" என்று எல்லாரும் இருந்துவிட்டால், இன்னும் வாளி தூக்கிக்கொண்டுதான் திரிய வேண்டும்.

நாயை அடித்துப் பழக்குவதும் அப்படி ஒரு பழைய வழக்கம்தான். அதைவிட நல்ல வழி தெரிந்த பிறகு, அதை விட்டுவிட வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. "அடிக்காமல் எப்படிப் படிக்கும்?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. பிள்ளைகள் படிக்கத்தான் செய்கின்றன.

வீட்டில் நாயை அடிக்கும்போது இன்னொரு ஜீவனும் அங்கே நிற்கிறது. அது அந்த வீட்டுப் பையன். "தன்னைவிடச் சிறியதை, வாய் பேச முடியாததை அடிக்கலாம்" என்று அவன் கற்றுக்கொள்கிறான். நாளைக்குத் தன் தம்பியிடம் அதைக் காட்டுவான். பிறகு மனைவியிடம் காட்டுவான்.

அதே பையன் கையில் ஒரு துண்டு கறியைக் கொடுத்துப் பாருங்கள். "உட்கார்" என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் நாள் உட்காராது. மறுநாளும் உட்காராது. மூன்றாம் நாள் உட்காரும். அப்போது அந்தப் பையன் முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் பாருங்கள்! பொறுமையாக இருந்தால் காரியம் நடக்கும் என்று அவன் கற்றுக்கொண்டான். குட்டி கற்றதைவிட அது பெரிய பாடம்.

ஆம்பூர் வீட்டு அப்பா முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். துடைப்பத்தை மூலையில் வைக்க வேண்டும். சுவரில் இரண்டு ஆணி அடித்து, ஒரு பலகை போட்டு, செருப்பை அதன் மேல் வைக்க வேண்டும். பிறகு தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் இருக்கும் குட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

உடனே வராது. காத்திருக்க வேண்டும்.

வரும்.